சாய்ந்து விழுந்த விளையாட்டுக் கடை

1. போன்

போன் வந்தபோது நான் ஒரு நிலைக்கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் பாலர் பள்ளியிலிருந்து தமிழரசி டீச்சர். பேசினார் என்று சொல்ல முடியாது. மூச்சுதான் கேட்டது.

"பாய், நீங்க செஞ்சி குடுத்த ஸ்டாண்டு வுழுந்திடிச்சி பாய். கோபிகா கை அடியில மாட்டிக்கிச்சி. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. டவுனுக்குத்தான் தூக்கிக்கினு வர்றோம்."

கோபிகாவுக்கு நாலு வயது. அந்த ஸ்டாண்டைக் கொண்டுபோய் வைத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

கச்சிராயபாளையம் போகும் சாலையில் முப்பத்தைந்து வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில், பீரோ, கல்யாண வீட்டுக்கு அலமாரி என்று எத்தனையோ செய்திருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "பாய், நீங்க செஞ்சதுலயே பெரிய வேல எது?" என்று கேட்பார்கள். நான் பெரிய வேலையைச் சொல்வதில்லை. நாலு பலகையும் நாலு ரீப்பர் சட்டமும் போட்டு ஒன்றரை நாளில் முடித்த இந்த வேலையைத்தான் சொல்கிறேன்.

2. அளவு எடுத்தது

அந்தப் பள்ளியை ஒரு டிரஸ்ட் நடத்தியது. மரவள்ளிக் காட்டுக்கும் கூலிக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் பத்தொன்பது பேர். ஒரே அறை. ஒரே டீச்சர். டிரஸ்டின் மேனேஜர் டவுனில் இருந்தார். அவர்தான் பட்டறைக்கு வந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"இந்த மாதிரி ஒண்ணு வேணும் பாய். புள்ளைங்க கட வெச்சி வெளாடறதுக்கு. நீ கடக்காரன், நான் சாமான் வாங்க வந்தவன்னு பேசிப் பேசித்தான் வாய் தொறக்கும்னு டீச்சர் சொல்லுது."

படத்தில் இருந்தது எளிய சாமான். இரண்டு பக்கமும் நிற்கும் கால்கள், நடுவில் கல்லாப் பலகை, அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, உச்சியில் கடைப் பெயர் எழுத ஒரு போர்டு. உயரம் நாலு அடி. ஆழம் எவ்வளவு என்று கேட்டேன்.

"ரூம் சின்னது. பத்து அங்குலத்துக்கு மேல போவாதீங்க. புள்ளைங்க பாய் போட்டுத் தூங்கறதுக்கு எடம் வேணும்."

நாலு அடி உயரத்துக்குப் பத்து அங்குல ஆழம் போதாது. அது எனக்கு அப்போதே தெரியும். சுவரில் எல் வடிவ இரும்புக் கிளாம்பு போட்டுப் பிடித்தால் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சாமான் நன்றாகத்தான் வந்தது. விளிம்பெல்லாம் உருட்டி, உப்புத்தாளில் மூன்று நம்பர் மாற்றிப் போட்டுத் தேய்த்து, என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குத்துகிற சிலாம்பு ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்று பெயிண்ட் அடிக்காமல் எண்ணெய் மட்டும் பூசினேன். பட்டறையின் சிமென்ட் தரையில் நிறுத்தி ஒரு தட்டு தட்டினேன். அசையவில்லை.

மலையில் தரை வேறு மாதிரி இருந்தது. அறையின் ஒரு மூலை தாழ்ந்திருந்தது. இறக்கி வைத்ததும் முன்பக்கத்துக் கால் ஒன்று தரையில் படவில்லை. மற்ற மூன்று காலையும் தரைக்கு ஏற்ப அறுத்து இறக்குவதுதான் முறை. ரம்பத்தைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கீழே வேனில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் சொருகினேன். ஆட்டம் நின்றது.

எல் கிளாம்பை எடுத்தேன். கூட வந்திருந்த மேனேஜர் கையை நீட்டித் தடுத்தார்.

"செவுத்துல ஓட்ட போடாதீங்க பாய். போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சது."

"சரிங்க" என்றேன்.

பிள்ளைகள் வாசலில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே விட்டதும் ஓடிவந்து கல்லாப் பலகையைத் தடவினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போது அந்த அட்டையைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

3. ஒரே ஒரு வரி

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகள் ஓடையிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து உருளைக்கிழங்கு என்று மேல் தட்டில் அடுக்கியிருந்தார்கள். டின்களில் மணல் நிரப்பி அரிசி, பருப்பு என்று அவற்றையும் மேலேயே வைத்திருந்தார்கள். அடித் தட்டு காலி. அட்டை ஈரத்தில் ஊறி நசுங்கிப்போயிருந்தது. டீச்சர் சமையலுக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே குழாய்க்குப் போயிருந்தார். கோபிகா மேலே இருந்த ஒரு டின்னை எடுக்க அடித் தட்டில் கால் வைத்து ஏறி, மேல் தட்டைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மொத்தமும் முன்னால் சாய்ந்தது. கல்லாப் பலகையின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் அவளுடைய இடது கை.

மறுநாள் மேனேஜர் பட்டறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"டீச்சர் கொழந்தைங்கள தனியா வுட்டுட்டுப் போயிருக்காங்க. அதான் விஷயம். வேலைய வுட்டு நிறுத்திட்டோம். நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க பாய், சாமான் ஸ்ட்ராங்காத்தான் செஞ்சி குடுத்தேன்னு. இன்னும் ஆறு எடத்துல நம்ம பள்ளிக்கொடம் இருக்குது. பெஞ்சி, அலமாரி எல்லாம் உங்களுக்குத்தான்."

நான் எழுதினேன். "சாமான் உறுதியாகச் செய்து கொடுக்கப்பட்டது." கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த வரியில் பொய் என்று எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரம் உறுதி. ஜாயின்ட் உறுதி. ஒரு ஆணிகூடப் பிடுங்கிக்கொள்ளவில்லை. சாய்ந்து விழுந்தபோதுகூட ஸ்டாண்டு உடையவில்லை.

அன்று பட்டறையில் அளவு இரண்டு முறை தப்பியது. ஒரு தேக்குச் சட்டத்தைக் குட்டையாக அறுத்துவிட்டேன்.

4. ஆஸ்பத்திரியில்

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை முழுவதும் கட்டு. பக்கத்தில் அவள் அம்மா சின்னப்பொண்ணு, கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. புருஷன் குடகில் காபித் தோட்ட வேலையில் இருந்தார். இன்னும் வந்து சேரவில்லை.

"நீங்கதான அந்தக் கட செஞ்ச பாயி?" என்று அவரே கேட்டார்.

"ஆமாம்மா."

"நடு வெரலு நுனிய எடுத்துட்டாங்க. பக்கத்து வெரலு பொழச்சிக்கும்னு டாக்டரு சொல்லுது."

  பிள்ளை எழுந்துவிடாமல் அவர் மெதுவாகத் தொடர்ந்தார்.

"டீச்சரு மேல எனக்குக் கோவம் இல்ல பாயி. அது தண்ணி புடிக்கத்தான் போச்சி. அது போவலன்னா புள்ளைங்களுக்குச் சோறு யாரு பொங்கறது? நானும் வூட்ல புள்ளைய வுட்டுட்டுத் தண்ணிக்குப் போறவதான். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். நாலு வயசுப் புள்ள ஏறுனா அது ஏன் வுழுவுது? எல்லாரையும் கேட்டுட்டேன். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்கதான செஞ்சீங்க. நீங்க சொல்லுங்க."

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உயரத்துக்கு ஆழம் போதாது என்பதை, ஒரு கால் தரையில் படாததை, அட்டையை, கிளாம்பு போடாமல் வந்ததை. எழுதிக் கொடுத்த வரியையும் சொன்னேன்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

அவர் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"பரவால்ல வுடுங்கன்னு சொல்லுவேன்னு நெனைக்காதீங்க. எனக்குச் சொல்ல வரல. ஆனா அந்தப் பொண்ணு வேல போயி வூட்ல குந்திக்கினு இருக்குது. எங்கிட்ட சொன்னத போயி அங்க சொல்லுங்க."

5. இரண்டாவது காகிதம்

அங்கிருந்து நேராக டிரஸ்ட் ஆபீசுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே ஒரு முழுப் பக்கத்தில் எழுதி மேஜையில் வைத்தேன். மேனேஜர் படித்தார். பெயிண்ட் விஷயம் அதில் இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினார். நான் அதை எழுதவில்லை.

அவர் கிளாம்பு வேண்டாம் என்றது உண்மைதான். ஆனால் ஏன் வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. மரச்சாமான் எப்படிச் சாயும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் "சரிங்க" என்று சொன்னவன் நான்.

"இன்னா பாய் இது, உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்க? கேஸு கீஸுன்னு ஆனா இன்னா பண்ணுவீங்க?"

"ஆனா பாத்துக்கறேங்க."

"இதுக்கப்பறம் உங்களுக்கு எங்க கிட்ட வேல கெடையாது."

"சரிங்க" என்றேன். இந்த முறை அந்த வார்த்தை சுலபமாக வந்தது.

என் காகிதம் ஒன்றினால் மட்டும் டீச்சருக்கு வேலை திரும்பவில்லை. சின்னப்பொண்ணு ஊரில் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். கோபிகாவின் அப்பாவும் குடகிலிருந்து வந்து கூட உட்கார்ந்தார். ஒரு மாதம் கழித்து டீச்சரைத் திரும்ப எடுத்தார்கள். தண்ணீருக்கும் சமையலுக்கும் தனியாக ஓர் ஆளையும் போட்டார்கள். கேஸ் எதுவும் வரவில்லை.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"அந்த ஒரு மாசம் ஊர்ல எல்லாரும் என் கையப் பாத்துதான் பேசனாங்க பாய், நான்தான் அந்தக் கொழந்த வெரல வெட்டிப்புட்ட மாதிரி. நீங்க ஒரு வார்த்த அன்னிக்கே சொல்லியிருந்தா மேல்தட்டுல கல்லு அடுக்க வுட்டிருக்க மாட்டேன்."

 

6. மறுபடி செய்தது

மறுபடி ஒரு கடை வேண்டும் என்று டிரஸ்டும் கேட்கவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. கேட்டது சின்னப்பொண்ணு. ஒரு நாள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"கோபி வூட்ல அட்டப்பொட்டி வெச்சிக் கட போட்டுக்கினு இருக்குது பாயி. எப்பப் பாரு அதே வெளாட்டு. செஞ்சி குடுங்க. ஆனா நான் பாக்காம ஒரு புள்ளையும் அத தொடக்கூடாது."

டீச்சரின் சம்மதத்தோடு செய்தேன். மேல் தட்டு இல்லை. உச்சிப் போர்டு இல்லை. மொத்த உயரம் இரண்டு அடி, ஆழம் ஒன்றரை அடி. கால்களை வெளிப்பக்கம் விரித்து வைத்தேன். அடித் தட்டைத் தரையை ஒட்டி இறக்கினேன், ஏறுவதற்குப் படி மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக. ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய், அந்த அறையின் தரையில் வைத்தே ஒவ்வொரு காலையும் அளந்து அறுத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சுவரில் இரண்டு ஓட்டை போட்டு போல்ட்டால் முடுக்கினேன். யாரும் தடுக்கவில்லை.

சின்னப்பொண்ணு புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தார். கல்லாப் பலகையை முன்னால் இழுத்தார். பக்கவாட்டில் தள்ளினார். பிறகு அதன் விளிம்பில் இரண்டு கையையும் போட்டு, காலைத் தரையிலிருந்து எடுத்து, முழு உடம்பின் பாரத்தையும் அதில் போட்டார். ஒரு முறை போதவில்லை. மூன்று முறை போட்டார். 

"நீங்க ஏறுங்க" என்றார் என்னிடம்.

எழுபத்தெட்டுக் கிலோ உடம்பு. ஏறி நின்றேன். அவர் கீழே குனிந்து நாலு காலையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். காலுக்கும் தரைக்கும் நடுவில் நகம் நுழைகிறதா என்று பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "கோபீ, வாடி" என்றார்.

கோபிகா இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறாள் என்று டீச்சர் என் காதில் சொன்னார். கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றாள். கொட்டாங்கச்சியில் கட்டிய தராசு ஒன்று அங்கே இருந்தது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும், சாமானை அள்ளிப் போட இன்னொரு கை. கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடது கையை வெளியே எடுத்து அதைப் பிடித்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"வரிசைல நில்லுங்க" என்றாள். எனக்கு முன்னால் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். போய்க் கடைசியில் நின்றேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். சாமானை இறக்கி வைத்தால் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது எங்கே தப்பாகும் என்று செய்தவனுக்குத்தான் முதலில் தெரியும். வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கிளாம்பு வேண்டாம் என்றால் சாமானைத் திரும்ப வண்டியில் ஏற்றுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போகிறார்கள்.

மழையில் மரம் உப்பி, பிறகு காய்ந்து சுருங்கும்போது போல்ட் தளர்ந்துவிடும். அதனால் வருடா வருடம் தை மாதத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறேன். கோபிகா இப்போது ஒன்றாம் வகுப்பு. வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அந்தக் கடையில் இப்போது நிற்கிற பிள்ளைகளுக்கு என்னை யார் என்றே தெரியாது. குனிந்து போல்ட்டை முடுக்கிவிட்டு வந்துவிடுகிறேன்.