காஜா அக்கா போட்ட மெட்டு

சட்டைக்குக் காஜா எடுத்து, அந்தத் துளைக்கு நேரே பட்டன் வைப்பது அவள் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடையில் உட்கார்ந்தவள். கடையில் எல்லாரும் "காஜா அக்கா" என்றார்கள், அந்தப் பெயர் அவள் ஞாயிற்றுக்கிழமை போகும் கிறிஸ்தவ சபை வரைக்கும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

சபையில் கீபோர்டு வாசிப்பதும் அவள்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் அவளுடைய அம்மா சனிக்கிழமைகளில் சபையைக் கூட்டித் துடைப்பாள். அம்மா கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் இவள் ஒரு பாட்டுக்கு விரலால் வழி கண்டுபிடித்திருப்பாள். ஸ்வரம் எழுதத் தெரியாது. கீபோர்டு சுவரைப் பார்த்து வைத்திருந்ததால் ஆட்களின் முகத்தில் விழிக்காமல் வாசிக்கலாம். அந்த மூலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருடைய குரலைக் கேட்டாள். ஆண்கள் வரிசையில் பின்னாலிருந்து, மற்ற குரல்களுக்கெல்லாம் அடியில் ஜமுக்காளம் விரித்தது மாதிரி ஒரு குரல். முகத்தைப் பார்க்க ஒரு மாதம் ஆனது. கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அதற்கு அடுத்த வருஷம் கல்யாணம்.

இருபத்தாறு வருஷம் அடித்த பெயிண்ட், நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர், முதல் ஞாயிறே பாட நின்றார். பாதி வரியில் மூச்சு கையை விரித்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தை மூடி பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனவர், அதற்கப்புறம் சபைப் பக்கம் தலைகாட்டவில்லை.

"வந்து சும்மா உக்காருங்களேன்," என்பாள்.

"சும்மா உக்கார நம்ம வீட்டுலயே நாற்காலி இருக்கே."

அந்த வருஷ நன்றி ஆராதனைக்கு, வழக்கமான பாட்டுகள் வேண்டாம், வேதாகமத்தில் இருக்கும் நன்றி சங்கீதத்தையே பாட்டாகப் பாடலாம் என்றார் போதகர். "வேத வார்த்தை அப்படியே இருக்கணும். ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாது. மெட்டு நீ போடும்மா."

"ஐயோ, எனக்கு என்ன தெரியும் ஐயா?"

"தெரியாதுன்னு சொல்றவங்கதான் நல்லா பண்ணுவாங்க," என்று சொல்லிவிட்டு, அவர் போய்விட்டார்.

சங்கீதம் பாட்டு மாதிரி எழுதியிருக்கவில்லை. ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை. எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே கணக்கு சட்டைக் கணக்கு. கழுத்திலிருந்து கீழ் மடிப்பு வரை அளந்து, சரிசமமாகப் புள்ளி வைத்து, அங்கங்கே மூச்சு விட்டாள். வாசித்துப் பார்த்தால் சங்கீதம் கவாத்து பழகியது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடையில் முடியாத பட்டன் வேலையைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவள் பட்டன் வைக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். இப்போது நாலைந்து வார்த்தைக்கு ஒருதரம் நிற்பார், மூச்சை இழுப்பார், தொடருவார். ஒருநாள் ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தவள், தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். ஆறு குத்து, ஒரு மூச்சு. நாலு குத்து, ஒரு மூச்சு.

மறுநாள் பேப்பருக்குப் பதில் வேதாகமத்தை நீட்டினாள். "கண்ணு உறுத்துது. இந்தச் சங்கீதத்தை வாசிங்களேன்."

அவர் வாசித்தார். அவர் நின்ற இடத்திலெல்லாம், சங்கீதத்தை எழுதி வைத்திருந்த காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள். பாட்டு வாத்தியார் யாரும் நிறுத்தாத இடங்கள். ஆனால் அங்கே நிறுத்தி இசையை வைத்தபோது, முந்தின வார்த்தை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. நன்றியோடு உள்ளே வரச்சொல்லும் வரி, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதுபோல இருந்தது.

வாசித்துக் காட்டியதும் பாடகர் குழுவில் பெரிய ரகளை.

"என்னக்கா இது, பாட்டா, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கிற பஸ்ஸா?"

"நான் மூச்சு விடுறதுக்குள்ள கொட்டாவியே வந்துடுச்சு."

குழுவை நடத்தும் கணக்கு வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மெட்டு நல்லாத்தான் இருக்கும்மா. இந்த இடைவெளிய மட்டும் எடுத்துட்டு ஓடவிட்டா என்ன?"

"வேண்டாம் சார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"ஏம்மா?"

அவள் வெள்ளைக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் கண்ணாடியை இறக்கினார். "சரி, விடுங்கப்பா. காஜாவைத் தச்சு மூடிட்டா பட்டன் எங்க போகும்? இருக்கட்டும்."

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் சின்ன கீபோர்டை வைத்துப் பழகினாள். அவர் உள்ளறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் இப்படியே போனது. ஆராதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது எழுந்து வந்து மேஜை பக்கத்தில் நின்றார்.

"இது என் மூச்சு இல்ல?"

அவள் விரல்கள் நின்றன.

"அன்னிக்கு வாசிக்கச் சொன்னது இதுக்குத்தானா? அளவெடுக்கறதுக்கு முன்னாடி ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"ஊர் மொத்தமும் என் வியாதியைப் பாடணுமா?"

"வியாதியைப் பாடல. நீங்க நிக்கிற இடத்துல எல்லாரும் நிக்கட்டும்னுதான்..."

அவர் உள்ளே போய்விட்டார். மூன்று நாள் பேப்பர் வாசிப்பு இல்லை. ஞாயிறு காலையில் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டாள். "நான் கிளம்புறேன்," என்றாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் "ம்" என்றார்.

சபை நிறைந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து ஆளில்லை என்றால் கை ஓடாது. கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்ற வாத்தியார் கையைத் தூக்க, பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி. முதல் நிறுத்தம். சொல்லி வைத்தபடி குழு மொத்தமும் கச்சிதமாக நின்றது.

ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. பின்னாலிருந்து, அடியிலிருந்து, ஓரமெல்லாம் கிழிந்த குரல். இடைவெளிக்குள் நுழைந்து அடுத்த வார்த்தையையும் பிடித்துவிட்டது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு முதலில் புரியவில்லை. நிறுத்தத்தைத் தப்பாகப் பாடுகிறாரோ என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது: அவள் கோடு போட்டது ஏழு வாரத்துக்கு முன்னால். அன்றைக்கு நாலு வார்த்தைக்கு நின்ற மூச்சு இன்றைக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் போகிறது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் கவனிக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்திலும் அவர் தாண்டினார். வாத்தியார், என்ன செய்யட்டும் என்பதுபோல அவளைப் பார்த்தார். கண் முன்னால் சுவர் கலங்கித் தெரிந்தது. அவள் கட்டைகளை அழுத்தியபடியே இருந்தாள். வாத்தியாரின் கை அந்தரத்தில் நின்றது. குழு காத்திருந்தது. பின்வரிசையில் அவர் தன் வார்த்தையைப் பாடி முடித்து, மூச்சை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் அடுத்த வரிக்குப் போனாள்.