யாரும் குடித்துப் பார்க்காத ஒயின்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம் போன பயணம் இது. புனேவில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது அங்கே ஒயின் தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கோவைப் பக்கமும் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, தேவாலயப் பூசைக்கு ஒயின் தயாரிக்கிறார்கள் என்று மாமனார் சொன்னதும் அவரையே அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஏழு ஐந்துக்குக் காந்திபுரத்தில் பஸ். தொண்டாமுத்தூர் தாண்டி இறங்க ஒரு மணி நேரம், டிக்கெட் நாலு ரூபாய். பிறகு மூன்று கிலோமீட்டர் நடை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் மாமனார் உறவுமுறை விசாரித்ததில் அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது.

கூட்டுறவு உறுப்பினர்களில் ஒருவர் மரகதம் அக்கா. அவருடைய திராட்சைக் கொடிகளுக்கு முப்பது வயது. காய்ப்பு குறைவு, பழம் சிறியது, இனிப்பு அதிகம். எடை போட்டு வாங்கும் சந்தையில் இனிப்புக்கு என்ன மரியாதை? ஒயினும் சரிப்படாவிட்டால் கொடியை வெட்டிவிட்டு வாழை வைப்பதென்று அவருடைய மகன்கள் முடிவு செய்திருந்தார்கள்.

கூட்டுறவுக் கொட்டகையில் இரண்டு டேங்க். ஒன்றில் எல்லோருடைய பழமும், இன்னொன்றில் அக்காவுடையது மட்டும். மாமனார் கை கழுவப் போன நேரத்தில் அக்கா இரண்டிலிருந்தும் டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். முதலாவது காடியாகப் புளித்திருந்தது. இரண்டாவதைப் போல, சத்தியமாகச் சொல்கிறேன், புனேவில்கூட நான் குடித்ததில்லை.

பதினொரு மணிக்கு அங்கேயே உறுப்பினர் கூட்டம். இரண்டையும் கலந்து அனுப்பிவிடலாம் என்றார் தலைவர்.

"மொத டேங்க் கெட்டுப்போச்சுங்க. என்ற டேங்க்கைத் தனியா உட்டுப்போடுங்க" என்றார் அக்கா.

"கெட்டுப்போச்சுன்னு ஆருங்க அம்மணி குடிச்சுப் பாத்தது?" என்று தலைவர் கேட்டார்.

உறுப்பினர்கள் பதினாலு பேரில் ஒருவரும் குடித்ததாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒயின் விற்பார்களாம், ஆனால் நாலு பேர் முன்னால் நாக்கில் வைத்தேன் என்று சொன்னால் மானம் போய்விடுமாம்! அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க."

மாமனாரும் என்னைத்தான் பார்த்தார்.

"எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லைங்க" என்றேன்.

கலந்துவிட்டார்கள். திரும்பும்போது மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை, பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கே கொடுத்தார். அனுப்பிய ஒயின் மொத்தமும் திரும்பி வந்தது. சித்திரையில் அக்காவின் தோட்டத்தில் வாழைக்குக் குழி வெட்டியிருந்தார்கள்.

இப்போது அங்கே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. வேறு ஊர்த் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். குடித்ததைக் குடித்தேன் என்று சொல்லத் தைரியமில்லாவிட்டால் டம்ளரைக் கையில் வாங்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. "இவரே குடிச்சுப் பாத்தாருங்க" என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் கொடிகள் பிழைத்திருக்கும். என் மாமனார் பக்கத்தில் இருக்கிறார் என்று அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.