நேர்கோடு வளைத்த வாய்க்கால்

பொக்லைன் ஓட்டுநருக்கு 'நேர்கோடு' என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. இருபத்தாறு வருஷமாக வயல்களிலிருந்து ஏரிக்கு அவர் வெட்டிய வடிகால்கள் எல்லாம் கயிறு பிடித்தாற்போல் இருக்கும். மழை விட்ட அரை நாளில் வயல் வடிந்துவிடும். பயிர் தின்றது போக மிஞ்சிய உரமும் கூடவே ஓடி ஏரியில் இறங்கியது அவருக்குத் தெரியாது. முதல் பேத்தி பிறந்த மாதம்தான் குடிநீர் அலுவலகத்தார் வீட்டுக் கதவில் தாள் ஒட்டினார்கள். ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் என்ற உரச்சத்து அதிகம், அதில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க வேண்டாம்.

"எல்லாம் உங்கப்பா உபயம்," என்று மகளிடம் சொல்லிக்கொண்டே மனைவி தண்ணீர் கேனைத் தூக்கினாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வயலுக்கும் ஏரிக்கும் நடுவே உரத்தை வடிகட்டும் சதுப்புக்குளம் அமைக்க அலுவலகத்தார் ஆள் தேடியபோது முதலில் போய் நின்றவர் அவர்தான். தண்ணீர் சோதிக்கும் மேடம் வரைபடத்தை விரித்தாள். பாம்பு ஊர்ந்தது போல் பதினோரு வளைவு.

"தண்ணி ஓடக் கூடாதுண்ணே. உட்கார்ந்து உட்கார்ந்து போகணும்."

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வேலை யாரும் கேட்டதில்ல மேடம்."

வளைத்தார். கோரை வளர்ந்தது, அடியில் கறுப்புச் சேறு படிந்தது. வயலிலிருந்து எண்பதாக நுழைந்த நைட்ரேட் எண் ஏரிப் பக்கம் முப்பத்தெட்டாக வெளியேறியது. ஐம்பதுக்குள் இருந்தால் கைக்குழந்தைக்கும் ஆகும். மகள் மறுபடி உண்டாகியிருந்தாள். இந்தக் குழந்தைக்காவது வீட்டுக் குழாய்த் தண்ணீர் என்று அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். நேர்கோட்டுக்குக் கை சும்மா இருக்குமா? முந்தின நாள் வண்டியை இறக்கி, சேற்றை வழித்துக் கரையில் குவித்து, நடுவில் பளிச்சென்று ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டார். வந்தவர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் வழக்கம்போல் மாதிரி பாட்டில்களைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். எழுபத்தொன்று.

"விவசாயிங்க உரத்தை அள்ளிக் கொட்டிட்டாங்கபோல. அப்படித்தான் எழுதணும்," என்றாள் மேடம்.

தலையாட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம்.

"உரம் இல்ல மேடம். நான்தான். பார்க்க அழகா இருக்கட்டும்னு சேத்தை வழிச்சிட்டேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, வேலை செஞ்சதே அந்தச் சேறுதான். கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க அதுல உட்கார்ந்து உரச்சத்தைக் காத்தா மாத்துது. வேலையாட்களை மொத்தமா வாரி வெளியே போட்டுட்டீங்க."

"கரையிலதான் இருக்காங்க."

"காயறதுக்குள்ள உள்ள அனுப்புங்க," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வண்டி இறங்கினால் மிச்சக் கோரை நசுங்கும். அதனால் நான்கு நாள் முழங்கால் ஆழத்தில் நின்று மண்வெட்டியால் சேற்றைத் திருப்பிப் போட்டார், நடு வாய்க்காலைத் தூர்த்தார். கரையில் வந்த விவசாயி ஒருவர் கேட்டார்:

"என்ன நேர்கோடு, சுத்தம் பண்ணின இடத்தை அழுக்குப் பண்றீங்க?"

"இப்பதான்யா தொழில் கத்துக்கிட்டேன்."

கோரை மறுபடி அடர்ந்தது. எண் மெல்ல இறங்கி நாற்பதுக்கு வந்து நின்றது. இரண்டாவது பேத்தி பிறந்து பதினெட்டாம் நாள், குழாயிலும் அளந்து பார்த்துத் திருப்தியான அலுவலகத்தார் தாளை எடுக்கச் சொன்னார்கள். நகத்தால் சுரண்டி அவரே எடுத்தார். மனைவி குழாயில் தண்ணீர் பிடித்துக் கொதிக்கவைத்து, ஆற்றி, பால் கலக்கினாள்.

"குடிடி கண்ணு. எல்லாம் உங்க தாத்தா உபயம்."

"பதினோரு வளைவு," என்றார் அவர் குழந்தையிடம். "ஒண்ணுகூட நேரா இல்ல."