தம்பியின் தூக்கிய கை

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரோ காதில் பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த என் தம்பி, ஒருநாள் பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டான். பேய் என்று நானே அதை ஓட்டக் கோடாங்கியை வரவழைத்தேன்; ஊராரும் கூடினார்கள். அவர் சொன்னபடி தம்பியின் கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்றினேன். தூக்கிய கை இறங்கவே இல்லை.

“எம்புட்டுத் திமிரு! என்னையவே அடிக்க ஓங்குது பாருத்தா!” என்று அவர் சாட்டையை எடுத்தார்.

ஓங்கியது அவனில்லையே, தூக்கியது நானல்லவா? அந்தக் கையை மெல்லப் பாதி இறக்கினேன்; இறக்கிய இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. மறு கையைத் தூக்கினேன், அதுவும் நின்றது.

“பேய் இல்லண்ணே, நரம்புல ஏதோ நோவு. நான் வச்ச இடத்துலதான நிக்குது? அடிக்கணும்னா என்னைய அடிங்க.”

“பொம்பள எனக்குச் சொல்லித் தாரியா?”

“ஆமாண்ணே. கெளம்புங்க.”

ஊரார் முன்னால் அன்றுதான் வாய் திறந்தேன். அவரை வரவழைத்தது என் பிழை. வெளியே அனுப்பியதற்கு இதுவரை வருந்தவில்லை.

மறுநாள் தம்பியை மாட்டுவண்டியில் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.