சாயங்காலம் வந்துருவா

இத்தாலியில் வேலை பார்த்துவிட்டுத் திருத்தங்கலுக்குத் திரும்பியிருந்தார் பக்கத்து வீட்டு நர்ஸம்மா. யோசித்துப் பேச வேண்டிய இடம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார்.

அவர் கொண்டுவந்த டிவிடியில் ஓர் இத்தாலியப் படம் பார்த்தோம். புருஷன் வேறொருத்தியிடம் போவதைக் கண்டுபிடிக்கும் மனைவி. அவள் வீட்டுக்குள் கனவெல்லாம் நடமாடியது. பச்சைக் குதிரை மாடியேறியது, கடலிலிருந்து சிவப்புக் குடைகள் எழுந்து வந்தன. பட்டாசு லேபிள் அச்சடிக்கிற ஊர்க்காரி நான். அப்படிக் கலரைப் பார்த்ததே இல்லை. பேச்சையெல்லாம் நர்ஸம்மாதான் தமிழில் சொன்னார். என் வீட்டிலும் அதே கதை என்று அவருக்குத் தெரியும். கட்டிலுக்கடியில் நான் பையைக் கட்டி வைத்திருந்ததும் தெரியும்.

கடைசியில் மனைவி கேட்டைத் திறந்து, ஏதோ சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

"எங்கன போறா, நர்ஸம்மா?"

கண்ணாடியைத் துடைத்தார். "சும்மா காத்தாடத்தான். சாயங்காலம் வந்துருவா, தாயி."

வீட்டுக்குப் போய்ப் பையை அவிழ்த்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து, அதே படம் இங்கிலீஷ் எழுத்தோடு மதுரையில் கிடைத்தது. 'இனி வரமாட்டேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறாள்.

நேரே போய்க் கேட்டேன்.

"அதச் சொல்லியிருந்தா நீயும் போயிருப்பியே, தாயி."

"போயிருப்பேன்" என்றேன்.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் துடைத்து முடிக்கும்வரை நான் நிற்கவில்லை.