ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு டப்பா

ஊரே முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதை, பெயர் எழுதி, தேதி போட்டு, மரியாதையாக வாங்கி வைப்பதுதான் என் உத்தியோகம்.

போர்ட் பிளேரில் ஒரு பரிசோதனைக்கூடம். குடல் புற்றுநோய் வழிவழியாக வரும் குடும்பங்களுக்கு நான் ஆளுக்கொரு டப்பா கொடுப்பேன். மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு இது மாற்று இல்லை. அதற்கு நாள் கொடுத்தும் நழுவுகிறவர்களை இதைக் காட்டியாவது கிளப்பலாமே என்றுதான். வீடு வீடாகப் போய்க் கேட்கக் கூடாததைக் கேட்டுப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

பிஸ்கட் பாடம்

புரோத்ராபூரில் செல்வராஜ், ஒர்க்‌ஷாப் மெக்கானிக், வயது நாற்பது. அப்பாவும் அண்ணனும் குடல் புற்றுநோயில் போனவர்கள். அண்ணன் போனபோது அவருக்கு நாற்பத்திரண்டுதான். அந்தக் கோளாறு செல்வராஜுக்கும் அவர் அக்கா மல்லிகாவுக்கும் இறங்கியிருப்பது ரத்தச் சோதனையில் தெரிந்துவிட்டது. குழாய்ச் சோதனைக்கு டாக்டர் இரண்டு முறை நாள் கொடுத்தும் செல்வராஜ் போகவில்லை. முதல் முறை மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்துவிட்டதாம். இரண்டாம் முறை கிடைக்கவில்லையாம்.

அவர் மனைவி ஜெயா டீயும் பிஸ்கட்டும் வைத்தார். டப்பாவில் இருக்கும் குச்சியால் எப்படித் தொட்டு எடுப்பது என்று, கைக்கு எட்டிய பிஸ்கட்டை டீயில் நனைத்து நான் விளக்கமாகச் செய்து காட்டினேன். செல்வராஜ் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

"நல்லா புரிஞ்சிடுச்சு சார். இனிமே எனக்கு பிஸ்கட்டுதான் இறங்காது."

மூன்று பேர், ஒரு டப்பா

சௌல்தாரியில் மல்லிகா அக்காவுக்கும் வேலைக்குப் போகும் இரண்டு மகள்களுக்குமாக மூன்று டப்பா கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒன்றுதான் நிரம்பி வந்தது. மற்ற இரண்டும் புதுக் கருக்கு மாறாமல் திரும்பின. அரசாங்கப் பொருளை வீணாக்கக் கூடாதென்று மூவருடையதையும் ஒன்றிலேயே சேர்த்துவிட்டாராம். ரத்தம் இருந்தால் யாரைப் பிடிப்பது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒரே ரேஷன் கார்டு, ஒரே சமையல் தம்பி. இதுல மட்டும் தனித்தனியா என்ன இருக்கப்போகுது?"

சாமி படத்துக்குக் கீழே

இரண்டாம் முறை மூன்றையும் ஒழுங்காக நிரப்பி, அல்வா வாங்கிய அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, பஸ்ஸில் கொடுத்துவிட்டார் அக்கா. எங்கள் தீவில் அதுதான் வழக்கம். இன்னார் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொன்னால் போதும், பொருள் வந்து சேர்ந்துவிடும். கண்டக்டர் வங்காளி, ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்து டிரைவர் பக்கத்தில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். நான் வாங்கப் போனதும், உள்ளே என்ன என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அரே பாய்சாப், சௌல்தாரியில இருந்து இதை நான் கும்பிட்டுட்டு வர்றேன்."

லட்டு

அக்கா வீட்டு டப்பா மூன்றிலும் ரத்தம் இல்லை. செல்வராஜின் டப்பாவிலும் இல்லை. அவர் ஒர்க்‌ஷாப் முழுக்க லட்டு கொடுத்தாராம். டாக்டர் மூன்றாவதாகக் கொடுத்த நாளையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். ரத்தம் இல்லாவிட்டாலும் குழாய்ச் சோதனைக்குப் போயே ஆகவேண்டும் என்று சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். ஜெயா எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ரிசல்ட் வேறு மாதிரி வருமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடித்த லட்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

டப்பாவில் இருந்தது ஜெயாவினுடையது. செல்வராஜ் வந்ததும் கோபத்தில் கத்திவிட்டேன். அண்ணன் பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷனுக்குப் புத்தி வேண்டாமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னோடதைக் குடுத்தா என்ன வரும்னு பயம் சார். அதான் இவளோடதைக் குடுத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஹெல்மெட்

மறுநாள் காலை ஹெல்மெட்டைக் கழற்றாமலே பரிசோதனைக்கூடத்துக்கு வந்து, சொந்த டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். ரத்தம் இருந்தது. போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனேன். இந்தத் தடவை கப்பல் டிக்கெட் பேச்சே எழவில்லை. ஜெயா பையை எடுத்து வைத்துவிட்டார். குழாய் விட்டுப் பார்த்ததில் இரண்டு கட்டிகள். இன்னும் புற்றாக மாறவில்லை. டாக்டர் அப்போதே எடுத்துவிட்டார். இனி தவறாமல் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். தனக்கும் நாள் வாங்க வந்திருந்த மல்லிகா அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தம்பியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"மூணு பேரோடதை ஒண்ணா போட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்களே தம்பி. அதுல என்னோடதும் இருந்துச்சுல்ல?"

இப்போதெல்லாம் யார் டப்பா நீட்டினாலும் நான் முதலில் கேட்பது பெயரை அல்ல, "உங்களுடையதுதானே?" என்பதைத்தான்.