மேல் வளைவில் நின்றுபோன சத்தம்

என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பவர். மூன்று டிவிஷனுக்கும் நடந்தே அலைகிறாரே என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார். ஹட்டனிலிருந்து ஒரு கராஜ்காரர் வந்து, காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் வைத்து ஓட்டப் பழக்கினார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

அந்த வண்டி வருவது மலைக்கு அந்தப் பக்கமே கேட்கும். கேட்டதும் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுவேன். ஆனால் தினமும் மேல் வளைவு வந்ததும் சத்தம் பட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மனுஷன் ஓசையே இல்லாமல் வாசலில் வந்து நிற்பார். மேல் வளைவில் குடியிருப்பது யார்? புதிதாக வந்த மருத்துவச்சி. சிவந்த மேனி, சிரித்த முகம். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஏங்க, மேல எங்கயும் வண்டிய நிப்பாட்டுறீங்களா?"

"இல்லியே. நேரா வீட்டுக்குத்தானே வர்றேன்."

"அப்ப சத்தம் ஏன் நிக்குது?"

"வண்டி வெவகாரம் ஒனக்கு வெளங்காது புள்ள" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என் சந்தேகத்தை உறுதியாக்கியது. கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். மருந்து வாடைதான் அடித்தது. அதையும் நான் நம்பவில்லை.

ஒரு சாயங்காலம் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். நல்ல பனிமூட்டம். மேல் வளைவை நெருங்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது, வளைவில் நின்றது. வாடி மவளே என்று நடு ரோட்டில் விறுவிறுவென்று ஏறினேன். மறுகணம் பனிக்குள்ளிருந்து சக்கரம் என் முகத்துக்கு நேரே வந்தது. "ஐயோ, தள்ளு!" என்று கத்திக்கொண்டே வண்டியை ஓரமாக ஒடித்துத் திருப்பினார். வண்டியும் அவருமாக ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் போய் விழுந்தார்.

நல்லவேளை, முட்டியும் உள்ளங்கையும்தான் உரிந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்திலேயே மருத்துவச்சி வீட்டில் பூட்டுத் தொங்கியது.

"எறக்கத்துல எஞ்சின நிப்பாட்டிட்டு சும்மா உருட்டிட்டு வரச் சொன்னாரு கராஜ்காரரு. பெட்ரோல் மிச்சமாம்" என்றார். "பிரேக்க மிதிச்சேன் புள்ள, எஞ்சின் பிடிப்பு இல்லாம எறக்கத்துல நிக்கவே இல்ல."

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு இறங்கும் பாதை அது. சத்தமில்லாமல் பின்னால் வந்தால் யார் ஒதுங்குவார்கள்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அவ வீட்டுல நின்னிருந்தீங்கன்னா சண்ட போட்டு இழுத்துட்டு வந்திருப்பேன்" என்றேன். "இந்தக் கானுக்குள்ள நீங்க செத்துக் கெடந்தா, நான் யாரோட சண்ட போடுறது?"